எதைக் காய்ச்சினாலும் ஒரே சுவை: சிங்கப்பூரில் வீட்டு பீர்

கேள்வி: சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் வசிக்கிறேன். ஓராண்டாக வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறேன். பேல் ஏல், ஸ்டௌட், கோதுமை பீர் என்று எதைச் செய்தாலும் கடைசியில் ஒரே சுவைதான்: லேசான மருந்து வாடை, கனிந்து போன பழ வாசனை, விழுங்கியதும் தொண்டையில் ஒரு காந்தல். நண்பர்கள் "நன்றாக இருக்கிறது" என்கிறார்கள். ஆனால் இரண்டாவது கோப்பை கேட்பதில்லை. செய்முறையை மாற்றவா? சூட்டுக்கு ஏற்றது என்கிறார்களே, அந்த க்வைக் ஈஸ்டுக்கு மாறிவிடவா? எந்த பீர்களைக் குடித்தால் நாக்கு பழகும்?

பதில்:

செய்முறையில் கை வைக்காதீர்கள். பேல் ஏலுக்கும் ஸ்டௌட்டுக்கும் கோதுமை பீருக்கும் முளைகட்டி உலர்த்திய தானியமான மால்ட் வேறு, கசப்பும் மணமும் தரும் பூவான ஹாப்ஸ் வேறு. மூன்றிலும் ஒரே குறை வருகிறதென்றால் மூன்றுக்கும் பொதுவானதில்தான் அதைத் தேட வேண்டும். உங்கள் வீட்டில் பொதுவானவை இரண்டு: குழாய்த் தண்ணீரும் அறையின் சூடும். நீங்கள் எழுதியிருக்கும் மூன்று அடையாளங்களுமே இந்த இரண்டுக்குள் அடங்கிவிடுகின்றன.

முதலில் மருந்து வாடை. சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீர் குடிக்க அருமையானது. அதில் கிருமி வளராமல் இருக்கப் பொதுப் பயனீட்டுக் கழகம் குளோரமின் பயன்படுத்துகிறது. குளோரின் மட்டும் என்றால் பாத்திரத்தை இரவெல்லாம் திறந்து வைத்தாலோ நன்றாகக் கொதிக்கவிட்டாலோ பெரும்பகுதி போய்விடும். குளோரமின் அவ்வளவு எளிதில் போகாது. மால்ட்டிலும் ஈஸ்ட்டிலும் இருந்து வரும் ஃபீனால்களோடு அது சேரும்போது குளோரோஃபீனால்கள் உண்டாகின்றன. அவை நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே போதும், மூக்கு கண்டுபிடித்துவிடும். காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியின் வாடை, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தின் வாடை என்று பலர் சொல்வது இதைத்தான்.

இதற்கான மருந்து மிக மலிவு. கேம்ப்டன் மாத்திரை என்று வீட்டுத் தயாரிப்புப் பொருள்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும். பொட்டாசியம் அல்லது சோடியம் மெட்டாபைசல்ஃபைட். 25 லிட்டர் தண்ணீருக்கு அரை மாத்திரையைப் பொடித்துக் கலக்கினால் சில நிமிடங்களில் குளோரமின் முறிந்துவிடும். மால்ட் ஊறவைக்கும் தண்ணீர், கழுவி எடுக்கும் தண்ணீர், கடைசியில் அளவு நிரப்ப ஊற்றும் தண்ணீர் எல்லாவற்றுக்கும் இதைச் செய்யுங்கள். பாதித் தண்ணீருக்கு மட்டும் போட்டால் பாதி வாடை மிஞ்சும். வாளியையும் குழாயையும் வீட்டு ப்ளீச்சால் கழுவுகிற வழக்கம் இருந்தால் இன்றோடு அதை விட்டுவிடுங்கள். ப்ளீச்சின் மிச்சமும் இதே வாடையைத்தான் தரும். அலசத் தேவையில்லாத அமிலக் கிருமிநீக்கிகள் இதற்கென்றே இருக்கின்றன.

ஒரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். காட்டு ஈஸ்ட் புகுந்தாலும் மருந்து போன்ற வாடை வரும். ஆனால் அது நாளாக ஆகக் கூடும்; பாட்டிலைத் திறந்தால் நுரை பொங்கி வழியும்; பீர் அடர்த்தி குறைந்து, இனிப்பே இல்லாமல் வறண்டு போயிருக்கும். தண்ணீரால் வரும் வாடை முதல் நாளிலிருந்தே இருக்கும், அதிகம் மாறாது. உங்களுடையது ஓராண்டாக ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் வருவதால் தண்ணீரைத்தான் முதலில் பிடிப்பேன்.

அடுத்தது சூடு. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வெயில் நாடுகளில் பீர் காய்ச்சுகிறவர்களின் பாதிக் கவலை இதுதான். வெளிநாட்டுப் புத்தகங்களைப் பார்த்துச் செய்யும்போது இதுதான் விட்டுப்போகிறது.

"அறை வெப்பத்தில் வையுங்கள்" என்று எழுதியவரின் அறை 18 அல்லது 20 டிகிரி. உங்கள் அறை 29 டிகிரி. அதோடும் முடிவதில்லை. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது. 20 லிட்டர் வாளியின் நடுப்பகுதி அறையைவிட மூன்று முதல் ஐந்து டிகிரி அதிகச் சூட்டில் இருக்கும். அப்படியானால் உங்கள் ஏல் ஈஸ்ட் 33 டிகிரியில் வேலை செய்கிறது. அந்தச் சூட்டில் அது பெருகும் வேகத்தில் கனமான ஆல்கஹால்களை மிகுதியாக உண்டாக்கும். தொண்டைக் காந்தல் அவற்றால் வருவது. எஸ்டர்களும் மிகும். எஸ்டர் அளவோடு இருந்தால் பழ மணம்; அளவு மீறினால் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை. 5 சதவீத ஆல்கஹால் உள்ள பீர் 9 சதவீதம் போலக் காந்துகிறதென்றால் காரணம் ஆல்கஹாலின் அளவு அன்று, அதன் வகை.

இந்தக் கெடுதலில் பெரும்பங்கு முதல் மூன்று நாட்களில், ஈஸ்ட் பெருகும் கட்டத்திலேயே நடந்துவிடுகிறது. பிறகு எவ்வளவு நாள் வைத்தாலும், எவ்வளவு குளிரவைத்தாலும் காந்தல் குறையாது. இதன் மறுபக்கம் நல்ல செய்தி: அந்த மூன்று நான்கு நாட்களைக் காப்பாற்றிவிட்டால் போதும். அதற்குப் பிறகு சூடு கொஞ்சம் ஏறுவது உண்மையில் நல்லது. வெண்ணெய் வாசனை தரும் டயாசிட்டிலை ஈஸ்ட் தானே திரும்ப எடுத்துக்கொள்ள, 20 அல்லது 21 டிகிரி உதவும்.

எப்படிக் காப்பது? பழைய குளிர்பதனப் பெட்டி ஒன்றும், அதன் மின்னிணைப்பை வெப்பத்துக்கு ஏற்ப இயக்கி நிறுத்தும் சிறு கருவி ஒன்றும் வாங்குங்கள். பளபளப்பான காய்ச்சும் பானைக்குச் சேர்த்து வைத்திருக்கும் பணத்தை இதில் போடுங்கள் என்றே சொல்வேன். கருவியின் உணர்முனையைப் பெட்டிக்குள் காற்றில் தொங்கவிடக் கூடாது. வாளியின் பக்கவாட்டில் ஒட்டி, அதன்மேல் ஒரு பஞ்சுத் துண்டை வைத்து மூட வேண்டும். அப்போதுதான் அது பீரின் சூட்டைச் சொல்லும். 18 டிகிரிக்கு வைத்துவிடுங்கள்.

ஈர டவலைச் சுற்றி மின்விசிறி வைக்கும் முறையைப் பலர் பரிந்துரைப்பார்கள். கலிபோர்னியாவிலோ ஆஸ்திரேலியாவின் உள்நாட்டிலோ அது நன்றாக வேலை செய்யும். ஈரப்பதம் மிகுந்த நம் ஊரில் தண்ணீர் ஆவியாவதே மெதுவாகத்தான். அதனால் குளிர்ச்சியும் சொற்பம். குளிர்பதனப் பெட்டிக்கு இடமில்லை என்றால், பெரிய தொட்டியில் தண்ணீர் நிரப்பி அதற்குள் வாளியை வைத்து, உறையவைத்த தண்ணீர் பாட்டில்களைக் காலையும் மாலையும் மாற்றுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் நான்கு நாள் மட்டும்.

காய்ச்சிய வோர்ட்டை, அதாவது ஈஸ்ட் போடுவதற்கு முந்தைய மால்ட் சாற்றை, ஆறவைப்பதிலும் இதே சிக்கல். குழாய்த் தண்ணீரே 28 டிகிரியை ஒட்டி வரும்போது, செம்புச் சுருளில் அதை எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் வோர்ட் 30க்குக் கீழே இறங்காது. பொறுமையிழந்து அந்தச் சூட்டிலேயே ஈஸ்ட்டைத் தூவிவிடுவதுதான் பலரும் செய்வது. அவசரம் வேண்டாம். கிருமிநீக்கிய வாளியில் மூடி, குளிர்பதனப் பெட்டியில் ஓரிரவு வைத்து, மறுநாள் 18 டிகிரிக்கு வந்தபின் ஈஸ்ட் போடுங்கள். தண்ணீர்த் தட்டுப்பாடு கண்ட ஆஸ்திரேலியர்கள் கொதிக்கும் வோர்ட்டையே சூடு தாங்கும் பிளாஸ்டிக் கலன்களில் காற்றில்லாமல் அடைத்து, தானே ஆறவிடும் பழக்கத்தைப் பரப்பினார்கள். அதுவும் நல்ல வழி. சூடு நீண்ட நேரம் இருப்பதால் கடைசியில் போடும் ஹாப்ஸும் கூடுதலாகக் கசக்கும் என்பதை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள்.

இனி க்வைக். நார்வேயின் மேற்குப் பகுதிப் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த ஈஸ்ட் அது. மர வளையங்களிலும் துணியிலும் காயவைத்து, அடுத்த முறை காய்ச்சும்வரை பாதுகாத்தார்கள். வோஸ் பகுதியிலிருந்து வந்த வகை 35 முதல் 40 டிகிரியில் கூடக் காந்தல் இல்லாமல், ஆரஞ்சுத் தோலின் மணத்தோடு, சில நாட்களிலேயே வேலையை முடித்துவிடும். உலர்ந்த ஈஸ்டாகப் பொட்டலத்திலும் இப்போது கிடைக்கிறது. குளிர்பதனப் பெட்டி இல்லாத வீவக வீட்டுக்கு இது உண்மையான வரம். நான் மனதார மெச்சுகிறேன். சத்து அதிகம் கேட்கும் ஈஸ்ட் அது; இலேசான பீர் என்றால் ஈஸ்ட் ஊட்டச்சத்தைத் தவறாமல் சேர்க்க வேண்டும். பெல்ஜியத்தின் சேசான் ஈஸ்ட் சிலவும் சூட்டை விரும்புகின்றன; தூபோன் மதுவாலையின் ஈஸ்ட் 30 டிகிரிக்கு மேல் சுறுசுறுப்பாகவும், குளிர்ந்தால் பாதியில் நின்றுவிடுவதாகவும் பெயர் பெற்றது.

ஆனால் க்வைக் சூட்டுக்குத்தான் விடை. குளோரமின் போகாத தண்ணீரில் அதைப் போட்டால் ஆரஞ்சு மணத்தோடு மருந்து வாடை வரும். கோதுமை பீருக்குத் தேவையான வாழைப்பழமும் கிராம்பும் கலந்த மணத்தை அது தராது. எனவே தண்ணீரை முதலில் சரிசெய்யுங்கள். பிறகு குளிர்பதனப் பெட்டியா, க்வைக்கா என்பதை வீட்டின் இடத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

உங்கள் கேள்வியில் என்னை நிறுத்திய வரி நண்பர்களைப் பற்றியது. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு இரண்டாவது கோப்பை கேட்காத நண்பர்கள் பொய் சொல்லவில்லை. ஒருவர் தம் கையால் செய்து கொடுத்ததைக் குறை சொல்லி நமக்குப் பழக்கமில்லை. "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் அந்த ஒரு பதில்தான் வரும். கேள்வியை மாற்றுங்கள். "என்ன வாசனை வருகிறது? மூன்று சொல்லுங்கள்" என்று கேளுங்கள். பீரை ஊற்றிய கையோடு, யாரும் வாய் திறப்பதற்கு முன், ஒவ்வொருவரும் ஒரு தாளில் எழுதட்டும். ஒருவர் "ஆரஞ்சு" என்று சொல்லிவிட்டால் மேசையில் இருக்கும் எல்லோருக்கும் ஆரஞ்சுதான் தெரியும்.

இன்னும் நேர்மையான முறை மூன்று கோப்பைச் சோதனை. ஒரே மாதிரியான மூன்று கோப்பைகள். இரண்டில் ஒரு பீர், ஒன்றில் வேறு பீர். வேறுபட்டது எது என்று மட்டும் கேளுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு முறை சரியாக வரும். எனவே ஒருவர் ஒரு முறை சரியாகச் சொன்னதை வைத்து மகிழ வேண்டாம். மாத்திரை போட்ட தண்ணீரில் ஒரு சிறு தொகுதி, போடாத தண்ணீரில் ஒன்று என்று காய்ச்சி இப்படிக் கொடுத்துப் பாருங்கள். இந்த ஒரு மாலையில் நண்பர்களும் நீங்களும் கற்றுக்கொள்வது அதிகம். முறுக்கும் மிக்சரும் அதற்குப் பிறகு வரட்டும். காரம் ஏறிய நாக்கு எதையும் சொல்லாது.

போட்டிகளில் நடுவர்கள் பயன்படுத்தும் மதிப்பெண் தாளும் உதவும். பீர் ஜட்ஜ் சர்டிஃபிகேஷன் புரோகிராம் என்ற அமைப்பின் தாளில் மொத்தம் 50 மதிப்பெண்: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, ஒட்டுமொத்த எண்ணத்துக்கு 10. தோற்றத்துக்கு மூன்றே மூன்று என்பதைக் கவனியுங்கள். கலங்கலாக இருக்கிறதே என்று பலர் மாதக்கணக்கில் கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலையை மணத்தின் பக்கம் திருப்பினால் பீர் முன்னேறும்.

வாசனைகளை அடையாளம் காண நம் சமையலறை நல்ல பயிற்சி தந்திருக்கிறது. கொத்தமல்லி விதையின் மணத்துக்குக் காரணமான லினலூல் ஹாப்ஸிலும் இருக்கிறது. மிளகிலும் கிராம்பிலும் உள்ள கேரியோஃபிலீனும் அப்படியே. அமெரிக்க ஹாப்ஸை முகர்ந்து "எங்கேயோ தெரிந்த வாசனை" என்று தோன்றினால் அது வெறும் பிரமை அன்று. குறைகளுக்கும் வீட்டிலேயே அடையாளம் உண்டு: வெண்ணெய் என்றால் டயாசிட்டில், பச்சை ஆப்பிள் என்றால் முடியாத நொதித்தல், வேகவைத்த சோளம் என்றால் மூடிபோட்டுக் கொதிக்கவைத்தது, நனைந்த அட்டைப்பெட்டி என்றால் காற்றுப் பட்டுப் பழையதானது. டயாசிட்டில் வருமா என்று பாட்டிலில் அடைக்கும் முன்பே தெரிந்துகொள்ளலாம். கொஞ்சம் பீரை மூடிய கிண்ணத்தில் 60 டிகிரியில் இருபது நிமிடம் வைத்து, ஆறவைத்து முகருங்கள். வெண்ணெய் மணம் வந்தால் இன்னும் சில நாள் ஈஸ்ட்டோடு விடுங்கள்.

அடுத்த சில மாதங்களுக்கு ஒரே பீரைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வேன். எளிமையான பேல் ஏல். அதில் குறையை மறைக்கக் கருகிய மால்ட்டும் கிடையாது, பழமும் கிடையாது. 20 லிட்டருக்கு 4.2 கிலோ பேல் மால்ட், 250 கிராம் நடுத்தர நிறக் கிரிஸ்டல் மால்ட். 66 டிகிரியில் ஒரு மணி நேரம் ஊறல். ஒரு மணி நேரம் மூடாமல் கொதிக்க வேண்டும்: தொடக்கத்தில் 15 கிராம் மேக்னம் ஹாப்ஸ், கடைசி 15 நிமிடத்தில் 20 கிராம் கேஸ்கேட் ஹாப்ஸ், கடைசி 5 நிமிடத்தில் 30 கிராம் கேஸ்கேட். ஈஸ்ட் 11.5 கிராம் யூஎஸ்-05. அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் தொடக்கத்தில் 1.048ஐ ஒட்டியும் முடிவில் 1.010ஐ ஒட்டியும் காட்டினால் ஆல்கஹால் ஏறத்தாழ 5 சதவீதம். இரண்டு மூன்று நாள் அளவு மாறாமல் நின்றபின் லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை கரைத்துப் பாட்டிலில் அடைக்கலாம். அளவு இறங்கிக்கொண்டிருக்கும்போது அடைத்தால் பாட்டில் வெடிக்கும். இதில் மட்டும் துணிச்சல் கூடாது. சிங்கப்பூர் விதிப்படி ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை, 18 வயது நிரம்பியவர்கள், சொந்த உபயோகத்துக்கு மட்டும் காய்ச்சலாம் என்பதால் 20 லிட்டர் வசதியான அளவு. விற்கக் கூடாது, காய்ச்சி வடித்துச் சாராயமாக்கவும் கூடாது. தமிழ்நாட்டில் இருக்கும் உறவினர்களுக்கு இந்தச் செய்முறையை அனுப்பாதீர்கள். அங்கே 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் காய்ச்சுவது குற்றம்.

இப்போது குடிக்க வேண்டியவை. முதலில் டைகர். வீட்டில் காய்ச்சுகிறவர்கள் சிலர் இதைக் கேட்டதும் முகம் சுளிப்பார்கள், எனக்கு உடன்பாடில்லை. 1932இல் இங்கே பிறந்த இலேசான லாகர் அது, குளிரில் நொதிக்கவைக்கும் பீர் வகை. அவ்வளவு மெல்லிய பீரில் சிறு குறை இருந்தாலும் தெரிந்துவிடும். ஆனாலும் அது தொகுதிக்குத் தொகுதி மாறாமல் வருகிறது. உங்கள் பீரை ஒரு வாய், டைகரை ஒரு வாய் என்று மாற்றிக் குடித்தால், சுத்தமான நொதித்தல் எப்படி இருக்கும் என்று தொண்டையே சொல்லும். கண்ணாடிக் கோப்பையில் பாதி பீரை ஊற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் நேர் வெயிலில் வைத்து, நிழலில் வைத்ததோடு ஒப்பிட்டும் பாருங்கள். வெளிச்சம் ஹாப்ஸின் கசப்புப் பொருளைச் சிதைத்து உண்டாக்கும் அந்த வாடையை ஒரு முறை அறிந்துவிட்டால், பழுப்புப் பாட்டில்களை ஏன் தேடுகிறோம் என்பது புரியும்.

இரண்டாவது, கலிபோர்னியாவின் சியரா நெவாடா பேல் ஏல். 1980இல் தொடங்கிய அந்த பீரின் அடையாளம் கேஸ்கேட் ஹாப்ஸ். யூஎஸ்-05 ஈஸ்ட்டும் அந்த மதுவாலையோடு தொடர்புடைய வகைதான். ஆக, மேலே கொடுத்த செய்முறைக்கு நேரடி அளவுகோல் அது. கடலில் பல வாரம் பயணம் செய்து வருவதால் அடைத்த தேதியைப் பார்த்து வாங்குங்கள். கேன் கிடைத்தால் பாட்டிலைவிட நல்லது. உங்களுடையது புதிதாக இருக்கும் ஒரே காரணத்தால் ஹாப்ஸ் மணத்தில் அதை முந்தக்கூடும். ஹாப்ஸ் மணம் மிகுந்த, கலங்கலான ஐபிஏ வகை பீர் மீது ஆசை இருந்தால் கொஞ்சம் தள்ளிவையுங்கள். பாட்டிலில் அடைக்கும்போது நுழையும் காற்றே அதன் மணத்தைக் கொன்று நிறத்தைப் பழுப்பாக்கிவிடும். வீட்டில் செய்யக் கடினமானவற்றில் அது முன்வரிசை.

கோதுமை பீருக்கு ஜெர்மனியின் வைன்ஸ்டெஃபன். அதில் வாழைப்பழ மணம் குறை அன்று, இலக்கணம். உங்கள் பேல் ஏலில் அதே மணம் வந்தால் குறை.

கடைசியாக, வெப்ப நாடுகளுக்கே உரிய ஸ்டௌட். இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் இருந்து வெப்ப நாடுகளுக்குக் கப்பலேறிய கனமான ஸ்டௌட்டுகளைப் பார்த்து உள்ளூர் மதுவாலைகள் தம்மிடமிருந்த லாகர் ஈஸ்ட்டை வைத்தே, சர்க்கரை சேர்த்து, சற்றுச் சூட்டில் காய்ச்சத் தொடங்கின. இனிப்பும் பழ மணமும் மென்மையும் சேர்ந்த ஒரு தனி வகை பிறந்தது. வெப்பமண்டல ஸ்டௌட் என்று நடுவர்களின் வகைப்பட்டியலிலும் 2015இல் அதற்கு இடம் கிடைத்தது. சிங்கப்பூரின் ஏபிசி எக்ஸ்ட்ரா ஸ்டௌட் 8 சதவீதம். இலங்கையின் லயன் ஸ்டௌட் 8.8 சதவீதம். இரண்டையும் பக்கத்தில் வைத்து, குளிர் சற்று விட்டபிறகு குடித்துப் பாருங்கள். காப்பி, கருப்பட்டி, உலர்ந்த பழம் எல்லாம் வரும். இவ்வளவு ஆல்கஹால் இருந்தும் உங்கள் 5 சதவீத பீர் காந்துவதைப் போலக் காந்தாது.

பேல் ஏல் சுத்தமாக வரத் தொடங்கியதும் இந்த ஸ்டௌட்டைச் செய்யுங்கள். தொடக்க அளவு 1.065ஐ ஒட்டி இருக்கட்டும். கொதி முடியும் தருவாயில் 300 கிராம் குலா மலாக்கா (மலாய் வெல்லம்) போடுங்கள். சுத்தமான பீரில் அது என்ன அழகு காட்டும் என்பதை அப்போதுதான் காண முடியும். ஈஸ்ட் 34/70 லாகர் வகை, இரண்டு பொட்டலம், 18 டிகிரி. இரண்டு மாதம் பாட்டிலில் இருக்கட்டும்.